மூர்ச்சை தெளிந்து, மீண்டும் பிரவேசித்தார்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மைக்கைக் கையில் வாங்கினேன். வாங்கியிருக்கக் கூடாது.

இதை எழுதும்போதுகூட ஒரு காதைப் பக்கத்து அறையில்தான் வைத்திருக்கிறேன். மகள் ஷரோன் தூங்குகிறாள். பகலில் தூங்கினால் தூங்கட்டும், நல்லதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் நாலு வரி எழுதினால் ஒரு தடவை எழுந்து போய்ப் பார்க்கிறேன். மூச்சு வருகிறது. திரும்பி வந்து உட்காருகிறேன். இந்த வாரம் பத்தி கொஞ்சம் விட்டு விட்டுத்தான் வரும்... பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரி, முதலிலிருந்து சொல்கிறேன்.

பெங்களூர் ஈஜிபுராவில் எங்கள் தெருவைத் தாண்டினால் ஒரு மைதானம். புல் கிடையாது. மழை வந்தால் குளம், வெயில் அடித்தால் புழுதி. வருஷா வருஷம் அங்கே ஃபுட்பால் டோர்னமென்ட் நடக்கும். ஷாமியானா, பாக்ஸ் ஸ்பீக்கர், மைக்கில் தமிழ் வர்ணனை. அந்த மைக்குக்கு ஒரு வழக்கம் உண்டு. நன்றாக ஆடுகிறவர்களுக்கு அது பட்டம் கொடுக்கும். ஒரு தடவை கொடுத்துவிட்டால் அவ்வளவுதான், ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும். 'மின்னல் மார்ட்டின்' என்று மைக் சொன்ன பையனுடைய கல்யாணப் பத்திரிகையிலேயே 'மின்னல்' இருந்தது. நான் போய் மொய் எழுதிவிட்டு வந்தேன்.

இந்த வருஷம் வழக்கமாக மைக் பிடிப்பவர் ஊரில் இல்லை. மகளுக்குப் பிரசவம் என்று ஓசூர் போய்விட்டார். டோர்னமென்ட்டை நடத்துகிற தேவராஜ் அண்ணன் — மெயின் ரோட்டில் பைப் கடை வைத்திருப்பவர் — நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"மேடம், இந்த வருஷம் மைக் நீங்கதான். வேற பேச்சே பேடா" என்றார், எங்கள் ஊர்க் கன்னடம் கலந்து.

ஏன் நான்? என் சமீபத்திய பைத்தியம் உங்களுக்கும் தெரியும். பழைய தமிழ்ப் பத்திரிகைகளை ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்களே, அதை லேப்டாப்பில் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். அதுவும் வெள்ளைக்காரன் காலத்து விளையாட்டுச் செய்தி என்றால் அடுப்பில் பால் பொங்கினாலும் தெரியாது.

என்ன ஒரு பாஷை! அந்தக் கால நிருபருக்கு டீம் என்பது 'கட்சி'. ஆடுகிறவர் வெறும் பெயரோடு வர மாட்டார், 'ஸ்ரீமான்' கூடவே வரும். பந்தை உதைத்தார் என்று எழுதினால் மரியாதைக் குறைவு — 'வெகு லாகவமாய்ச் செலுத்தினார்' என்றால்தான் திருப்தி. கூட்டம் கைதட்டாது, 'கரகோஷம்' செய்யும். கால்பந்தைப் பார்த்துவிட்டு வந்து குருக்ஷேத்திரத்தைப் பார்த்தவர் மாதிரி எழுதுவார். எனக்கு அது பிடித்துப்போய், எங்கள் ஏரியாப் பெண்கள் ப்ராக்டிஸ் செய்வதை அதே பாஷையில் வர்ணித்து வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். அது ஈஜிபுரா முழுக்கச் சுற்றிவிட்டது. தேவராஜ் அண்ணன் வாசலுக்கு வந்தது அதனால்தான்.

அப்படிப் படித்ததில் ஒரு செய்தி. ஒரு கட்சியின் கோல்கீப்பர். பாய்ந்து பந்தைப் பிடிக்கும்போது எதிர்க்கட்சிக்காரரின் பூட்ஸ் தலையில் பட்டு 'மூர்ச்சை' ஆகிவிட்டார். ஓரமாகத் தூக்கிப் போட்டுத் தண்ணீர் தெளித்தார்கள். தெளிந்தார். தலையில் கட்டுடன் மீண்டும் களத்தில் 'பிரவேசித்தார்'. வேறு எப்படிக் கரகோஷம் வரும்? வந்தது. ஆட்டம் வெகு ரசமாக முடிந்தது.

அடுத்த வாரத்துப் பேப்பரையும் திறந்தேன். அதே கட்சி, வேறு மைதானம். கோல்கீப்பர் பெயர் மட்டும் வேறு. அதற்கடுத்த வாரமும் அந்தப் புதுப் பெயர்தான். பழைய ஆளைப் பற்றி ஒரு வரி கிடையாது. அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டின்போது இதைச் சொன்னேன்.

"ஏதாவது வேலை கெடச்சு வெளியூர் போயிருப்பான், விடு" என்றார் என் கணவர் சேவியர்.

"அடிபட்டவன ஏம்மா திரும்ப எறக்கினாங்க? சப் இல்லையா?" என்றாள் ஷரோன். அவளும் கோல்கீப்பர் ஆயிற்றே.

"அப்பல்லாம் சப்பு, மாத்து ஆளு, எதுவும் கிடையாதுடி. வெளிய போனா டீமுக்கு ஒரு ஆள் கம்மி."

"அய்யோ பாவம்" என்றாள். இன்னொரு தோசை கேட்டாள். நானும் அதை அத்தோடு மறந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. ஆண்கள் ஃபைனலுக்கு முன்னால் பெண்கள் காட்சிப் போட்டி. எங்கள் பெண்கள் மஞ்சள் ஜெர்சி, ஆனேக்கல் பக்கத்திலிருந்து வந்தவர்கள் நீலம். சொல்லக் கூச்சமாக இருக்கிறது... நான் பிரமாதமாகப் பேசினேன்.

"ஜனங்களே! இதோ எதிர்க்கட்சியார் பந்தை வெகு லாகவமாய்ச் செலுத்திக்கொண்டு வருகிறார்கள். ஆயினும் என்ன பிரயோஜனம்? கோட்டை வாசலில் நிற்பவர் குமாரி ஷரோன் அல்லவோ!"

கூட்டம் விசிலடித்தது. யாரோ "கோட்டைக் குமாரி!" என்று கத்தினார்கள். நானும் மைக்கில் அதையே திருப்பிச் சொன்னேன். பட்டம் விழுந்துவிட்டது.

ஷரோன் ஷாமியானா பக்கம் திரும்பி, 'போதும்மா' என்று முகத்தைச் சுளித்தாள். ஆனால் சிரித்துக்கொண்டுதான் சுளித்தாள். ஒவ்வொரு பந்தையும் தடுத்த பிறகு அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. இடது கம்பத்தை ஒரு தட்டு, வலது கம்பத்தை ஒரு தட்டு, அப்புறம் குதித்து மேல் கம்பியை ஒரு தட்டு. ஸ்கூல் நாளிலிருந்து அப்படி. நடு வகிடு எடுக்கிற மாதிரி ஒழுங்காகச் செய்வாள்.

இரண்டாம் பாதியில் ஒரு கார்னர் கிக். பந்து கால் மாறிக் கால் மாறி வந்து கோல் முன்னால் உருண்டது. ஷரோன் அதன் மேல் விழுந்தாள். ஓடி வந்த நீல ஜெர்சிப் பெண்ணால் நிற்க முடியவில்லை. முழங்கால் நேரே ஷரோனின் காதுக்கு மேலே இடித்தது.

அந்தச் சத்தம் ஷாமியானா வரைக்கும் கேட்டிருக்க முடியாது. எனக்குக் கேட்டது.

அவள் அசையாமல் கிடந்தாள். மைதானமே அமைதியாகி, எல்லோரும் ஷாமியானாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மைதானத்தில் மைக் பேசாமல் இருந்து யாருக்கும் பழக்கமில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் புரண்டாள். மண்டியிட்டாள். எழுந்து நின்றாள். என் வாயிலிருந்து வந்தது இது:

"மூர்ச்சை தெளிந்து, சிங்கம்போல் எழுந்து, கோட்டைக் குமாரி மீண்டும் களத்தில் பிரவேசிக்கிறார்! கரகோஷம் செய்யுங்கள், ஜனங்களே!"

பெற்ற தாய் பேசுகிற பேச்சா இது? பயத்தில் வாய்க்கு எது பழகியிருக்கிறதோ அதுதான் வரும் போலிருக்கிறது. ஜெபம் பண்ணுகிறவர்களுக்கு ஜெபம் வரும். எனக்கு அந்தப் பழைய நிருபர் வந்தார்.

கரகோஷம் என்றால் அப்படி ஒரு கரகோஷம். "குமாரி! குமாரி!" என்று ஒரே கூச்சல். ரெஃபரி அவளிடம் குனிந்து ஏதோ கேட்டார். அவள் கட்டை விரலை உயர்த்தினாள். அத்தனை பேர் பெயர் சொல்லிக் கத்தும்போது எந்தப் பெண் 'எனக்குத் தலை சுற்றுகிறது' என்று சொல்வாள்? எங்கள் பெஞ்சில் மாற்று கோல்கீப்பர் காவ்யா க்ளவுஸ் மாட்டிக்கொண்டு எழுந்தே விட்டாள். கரகோஷத்தைக் கேட்டு மறுபடி உட்கார்ந்துவிட்டாள். சப் இல்லாத காலத்துப் பாஷையை, சப் கண் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது பேசியிருக்கிறேன் — இது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

உறைத்தது அடுத்த பந்தில்.

சுலபமான பந்து. பிடித்துவிட்டாள். கூட்டம் கத்தியது. அவள் போய் இடது கம்பத்தைத் தட்டினாள். திரும்பவும் இடது கம்பத்தைத் தட்டினாள். கொஞ்சம் நின்று யோசித்துவிட்டு, மறுபடி அதே கம்பத்தைத் தட்டினாள்.

பார்த்துக்கொண்டிருந்த வேறு யாருக்கும் அது ஒன்றுமில்லை. எனக்கு அது போதும். மைக்கைப் பொத்திக்கொண்டேன்.

"தேவராஜ் அண்ணா, ஆட்டத்த நிறுத்தச் சொல்லுங்க. அவளுக்கு ஏதோ சரியில்ல."

"அய்யோ, பயப்படாதீங்க மேடம். உங்க பொண்ணு சிங்கம். நீங்களே இப்பத்தானே சொன்னீங்க?"

"அது மைக்குக்குச் சொன்னது அண்ணா..."

"இன்னும் ஸ்வல்ப நேரம்தான் மேடம். இப்ப போய் வெளிய இழுத்தா பேரு போயிடும். ஏரியாவே பாக்குது."

அங்கே ஷரோன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, பந்து இருக்கும் பக்கம் பார்க்காமல், வெயிலுக்குக் கையை வைத்துக்கொண்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். நீல ஜெர்சிகள் மறுபடி ஏறி வந்துகொண்டிருந்தன. இன்னொரு முழங்கால்... அதற்கு மேல் என்னால் யோசிக்க முடியவில்லை. மைக்கைத் திறந்தேன்.

"ஷரோன். அம்மா பேசறேன். வெளிய வா."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "விடுங்க ஆன்ட்டி!" என்று ஒரு குரல். ஷரோன் தலையை ஆட்டினாள், 'மாட்டேன்' என்று. அந்தத் தூரத்திலும் அவள் முகம் சிவந்தது எனக்குத் தெரிந்தது. வளர்ந்த பெண்ணை ஊர் முன்னால் அம்மா கூப்பிட்டால் எப்படி இருக்கும்? தெரிந்துதான் செய்தேன்.

"ரெஃபரி சார், கோல்கீப்பருக்குத் தலையில அடி. அவளுக்கு எடம் தெரியல. ஆட்டத்த நிறுத்துங்க. நிறுத்துற வரைக்கும் நான் மைக்க வைக்க மாட்டேன்."

விசில் ஊதினார். கோபமாகத்தான் ஊதினார். "ஏனு மேடம் இது!" என்று கையை விரித்தார். ஷரோன் க்ளவுஸைக் கழற்றிக்கொண்டே விறுவிறுவென்று நடந்து வெளியே வந்தாள். வந்தவள் நேரே போய் ஆனேக்கல் பெண்களின் பெஞ்சில், இரண்டு நீல ஜெர்சிகளுக்கு நடுவில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

முதலில் கொஞ்சம் பேர் சிரித்தார்கள். அப்புறம் யாருமே சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்த ஆனேக்கல் பெண் ஒன்றும் புரியாமல் ஷரோனின் கையில் தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். ஷாமியானாவிலிருந்து முதலில் ஓடியது தேவராஜ் அண்ணன்தான். நான் மைக்கை வைத்துவிட்டுப் பின்னாலேயே போனேன்.

ஆட்டோவில் என் தோளில் சாய்ந்துகொண்டு கேட்டாள். "ஸ்கோர் என்னம்மா?"

"நாமதான் லீடிங்."

"ம்."

கோரமங்களா சிக்னலில் மறுபடி கேட்டாள். "அம்மா, ஸ்கோர் என்ன?"

சொன்னேன். அடுத்த சிக்னலில் மறுபடி கேட்டாள். அதே குரல். முதல் தடவை கேட்கிற அதே ஆர்வம். ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினார். இவ்வளவு பயம் நான் வாழ்க்கையில் பட்டதில்லை. இப்படியே இருந்துவிட்டால்? நாளைக்கும் என்னைப் பார்த்து இதையே கேட்டால்?

அந்தப் பயத்துக்கு நடுவில்தான் பழைய பேப்பர் கோல்கீப்பர் ஞாபகத்துக்கு வந்தார். அவருக்கும் ஒரு அம்மா இருந்திருப்பாளே! கட்டுப் போட்ட தலையோடு வீட்டுக்கு வந்து, அவரும் ஸ்கோர் கேட்டாரோ? பேப்பரை யாராவது அந்த அம்மாவுக்குப் படித்துக் காட்டினார்களோ? கரகோஷம் என்ற இடம் வந்தபோது அவள் என்ன செய்திருப்பாள்? இத்தனை நாள் அவரை நான் ஒரு வேடிக்கையான வாக்கியமாகத்தான் படித்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் அறைக் கதவு மூடியது. அவளுடைய கம்மலும் செயினும் என் கைக்குள். ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட்டுக்கு வைட்ஃபீல்ட் போயிருந்த சேவியர், ட்ராஃபிக்கில் நீந்தி வந்து சேர்ந்தார். கழுத்தில் ஆபீஸ் ஐடி கார்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"அந்தப் பேப்பர்காரன்... அடுத்த வாரம் ஒண்ணுமே எழுதலன்னு சொன்னல்ல?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் ஐடி கார்டைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

உள்ளே ரத்தக் கசிவு இல்லை என்றார்கள். மூளை குலுங்கியிருக்கிறது, அவ்வளவுதான் என்றார் டாக்டர். அவ்வளவுதானாம்! வெளிச்சம் கூடாது, ஃபோன் கூடாது, அவர் சொல்கிறவரைக்கும் மைதானம் பக்கமே போகக் கூடாது. சாயங்காலம் அவளுக்குத் தெளிவு வந்துவிட்டது. ஆனால் டாக்டர் ஒன்று கேட்டார்.

"அடிபட்ட உடனே வெளிய வந்திருக்கணும். அதே தலையில இன்னொரு அடி விழுந்திருந்தா நாம இப்ப வேற மாதிரி பேசிட்டிருப்போம். யாரு திரும்ப ஆட விட்டது?"

நான் சேவியரைப் பார்த்தேன். சேவியர் சுவரைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். ஆட்டத்தை எழுதுகிற பாஷையில் விழுவதற்கு வார்த்தை இருக்கிறது. எழுவதற்கு அதைவிட அழகான வார்த்தைகள் இருக்கின்றன. 'எனக்கு முடியவில்லை' என்று வெளியே வந்து உட்காருவதற்கு? நானும் தேடிப் பார்த்துவிட்டேன், ஒரு அலங்காரமும் கிடைக்கவில்லை. பழைய நிருபரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. இன்றைக்கு டீவியைப் போடுங்கள். தையல் போட்டுக்கொண்டு இறங்கி ஆடுகிறவனை மறுபடி மறுபடி ஸ்லோ மோஷனில் காட்டுவார்கள். பெஞ்சில் போய் உட்கார்ந்தவனை யார் காட்டுகிறார்கள்? 'ஸ்ரீமான்' போய்விட்டது, மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலையில் பால் வாங்கப் போனால், தெருமுனையில் ஃப்ளெக்ஸ். ஷரோன் பாய்ந்து பந்து பிடிக்கிற படம். கீழே கொட்டை எழுத்தில் 'சிங்கம்போல் எழுந்த கோட்டைக் குமாரி'. என் வார்த்தைகளேதான்! பால் பாக்கெட்டோடு பைப் கடைக்குப் போனேன்.

"பொண்ணுக்குப் பெருமைதானே மேடம்?" என்றார் தேவராஜ் அண்ணன். பாவம், கைக்காசு போட்டு வைத்திருக்கிறார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை ஆனேக்கல்ல ரிட்டர்ன் மேட்ச் இருக்கில்ல? இதப் பாத்துட்டு அவ எறங்கியே தீருவேன்னு கெளம்பினா, யாரு பதில் சொல்றது?"

"நான் அத யோசிக்கல மேடம்" என்றார். ஏணியை எடுத்துக்கொண்டு அவரே வந்து ஃப்ளெக்ஸை அவிழ்த்தார்.

ஆனால் லேட். அதற்குள் தோழிகள் வந்து ஷரோனிடம் சொல்லிவிட்டிருந்தார்கள்.

"ஆனேக்கல் மேட்ச்சுக்கு நான் போவேன்" என்றாள்.

"காவ்யா ஆடட்டும்."

"அவ ஆடினா, குமாரி பயந்துட்டான்னு சொல்லுவாங்க."

"சொல்லட்டும். நான்தான் பயந்தேன்னு நீயும் சொல்லு."

"பட்டம் குடுத்தது யாரு? நீதானே?"

அதிலிருந்து என்னோடு பேச்சு நின்றுவிட்டது. எனக்கோ வேறு பயம். இவள் வயசுக்கு நான் கதவைப் பூட்டி வைக்க முடியுமா? ஒரு பஸ் ஏறினால் ஆனேக்கல். நான் கடைக்குப் போய் வருவதற்குள் கிளம்பிவிடுவாள். கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டேன்.

நேற்று மத்தியானம். திரைச்சீலையெல்லாம் இழுத்துவிட்டு அறை இருட்டாக இருந்தது. நான் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது உள்ளேயிருந்து குரல்.

"அம்மா. அந்தப் பழைய பேப்பர் கோல்கீப்பர்... அடுத்த மேட்ச் ஆடினானா?"

"இல்ல. வேற ஒருத்தர் பேர் போட்டிருந்தது."

"இவன் என்ன ஆனான்?"

"எழுதல."

"ஒரு வரிகூடவா?"

"ஒரு வரிகூட இல்லடி."

நான் கதவை ஒருக்களித்துச் சாத்தப் போனேன்.

"என் க்ளவுஸ காவ்யாகிட்ட குடுத்துடு" என்றாள். "அவளுக்குப் பெருசா இருக்கும். உள்ள பேண்டேஜ் சுத்திக்கச் சொல்லு."

"சரிம்மா."

"அதுக்காக உன்கூடப் பேசிட்டேன்னு நெனைக்காத" என்று சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நான் சமையலறைக்கு வந்து, குழாயைத் திறந்துவிட்டு, நன்றாக அழுதேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் டீமுக்குக் கோல்கீப்பராக வேறு ஒரு பெயர் வரும். எப்போதாவது யாராவது அதைப் பார்த்துவிட்டு, முந்தின வாரப் பெண் என்ன ஆனாள் என்று தேடினால் அலைய வேண்டாம், இங்கேயே எழுதி வைக்கிறேன்.

வீட்டில் இருக்கிறாள், ரசம் சாதம் சாப்பிட்டாள், அம்மா மேல் கோபமாக இருக்கிறாள்.